தலைசுற்றலுக்கு ஒரு டாங்கோ

முதலில் மரம்தான் சுற்றுகிறது என்று நினைத்தேன். ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த நான் கத்தியைப் போட்டுவிட்டு மரத்தையே கட்டிப்பிடித்தேன். மலையும் சேர்ந்து சுற்றியது. வாளியிலிருந்த பால் முழுவதும் கொட்டிப் போனதைப் பார்த்துக்கொண்டே வாந்தி எடுத்தேன்.

கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வெஸ்டிபியூலர் நியூரைட்டிஸ் (உள்காதில் உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் நரம்பில் அழற்சி) என்றார் டாக்டர்.

“பக்கவாதம் இல்ல, பயப்படாதீங்க. சுத்துறது கொறஞ்சிடும். ஆனா படுத்தே கெடந்தா சரிவராது.”

சுற்றல் நின்றது, தள்ளாட்டம் நிற்கவில்லை. லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசலில் இறங்கக்கூடச் சுவர் வேண்டியிருந்தது. இனி மலையில் ஏறிப் பால் வெட்ட முடியுமா என்பதுதான் என் பயமெல்லாம். என் கணவர் செல்வம் எங்கு போனாலும் கையைப் பிடித்துக்கொண்டார். வளையல் சதையில் பதிகிற அளவுக்குப் பிடி. வாய் பேசுவதே இல்லை. என்மேல் கோபம் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி (உடற்பயிற்சியால் குணப்படுத்தும் வைத்தியம்) கொடுத்த மிஸ் சிங்களவர், தமிழும் நன்றாகப் பேசுவார். விரலைப் பார்த்தபடி தலையைத் திருப்பும் பயிற்சிகள் முடிந்த பிறகு ஒருநாள், தான் கொழும்பில் டாங்கோ (இருவர் அணைத்தபடி ஆடும் அர்ஜென்டினா நடனம்) பழகியதாகச் சொன்னார்.

“இனி அக்காவும் அண்ணாவும் ஆடணும்.”

கூட வந்திருந்த என் கணவர் கதவைப் பார்த்தார். “மிஸ், நாலு பேர் பாக்குறாங்க.”

“பாக்கட்டும். இதுவும் மருந்துதான்.”

நெஞ்சோடு நெஞ்சு சேர்த்து நின்றோம். நான் என் காலின் பலத்தை விட்டு அவர்மேல் சாய வேண்டும். சாய்ந்தேன். அவர் என்னைத் தூக்கி நேராக நிறுத்தினார். மறுபடி சாய்ந்தேன், மறுபடி நிறுத்தினார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“நான் என்ன வேலிக் கட்டையா? நிமித்தி நிமித்தி நடுறீங்களே.”

மிஸ் சிரித்தார். “அண்ணா, அக்காவ நிமித்த வேணாம். நீங்களும் சாயுங்க.”

“நானும் சாஞ்சா ரெண்டு பேரும் விழுந்துருவோமே மிஸ்” என்றார். குரல் நடுங்கியது. கோபமே இல்லை, மனுஷன் இத்தனை நாளும் என்னைவிட அதிகமாகப் பயந்திருக்கிறார். எனக்கு நெஞ்சு உருகிவிட்டது.

“விழுந்தா விழுவோம். சாயுங்க.”

சாய்ந்தார். அந்த நொடியில் யார் விலகினாலும் மற்றவர் கீழேதான். விலகவில்லை. தரை அசையாமல் கிடந்தது, என் இடது கால் பாரமே இல்லாமல் தரையில் அரைவட்டம் போட்டது. அப்படி ஒரு சந்தோஷம்! “இன்னொருக்கா, இன்னொருக்கா” என்று மிஸ்ஸை வீட்டுக்குப் போகவிடாமல் பண்ணினேன்.

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். டாக்டரைக் கேட்காமல் ஆட இறங்காதீர்கள். உங்களைப் பிடித்துக்கொள்பவருக்கும் பயம் இருக்கும், அதையும் கேளுங்கள்.

அந்த முதல் ஆட்டத்துக்குப் பிறகு தினமும் வேலை விட்டு அவர் வந்ததும் கட்டிலைத் தள்ளிவிட்டுப் பத்து நிமிடம் ஆடினோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேலி பேசிப் பேசி ஓய்ந்தார்கள். நான் மலைக்குத் திரும்பினேன். முதல் மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வெட்டினேன், பத்தாவது மரத்தில் பாட்டு வந்தது. இனிப் பயிற்சி தேவையில்லை என்று மிஸ்ஸும் சொல்லிவிட்டார்.

அன்று மாலையும் அவர் வந்து கட்டிலைத் தள்ளினார்.

“எனக்குத்தான் சொகமாயிருச்சே” என்றேன்.

“எனக்கு இன்னும் ஆகலையே.”

எழுந்து போய்ச் சாய்ந்தேன். அவரும் சாய்ந்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். இந்த மனுஷனின் பாரம் எவ்வளவு என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.