ஹட்சுயேவின் பதினோரு தொட்டிகள்

நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு மார்ச்சில் நான் ஜப்பானில் என் ஊரான தொகுஷிமாவுக்குத் திரும்பியபோது, பக்கத்து வீட்டு முடிதிருத்துபவர் தொகுஜோ இறந்து நான்கு மாதமாகியிருந்தது. விரல் நீள ஆர்கிட் செடிகளைப் பாசியில் நட்டு, பதினோரு தொட்டிகளில் வளர்த்தவர். மனைவி ஹட்சுயேவைத் தொடவே விடமாட்டார். "நீ தொட்டா, வர்றவங்களுக்கு ஊத்துற மாதிரி அதுக்கும் டீ ஊத்திடுவே" என்று கேலி செய்வார்.

ஜனவரிக் குளிரில் இலைகள் சுருங்கியதைக் கண்டு, ஹட்சுயே தினமும் தண்ணீர் ஊற்றியிருந்தார். இப்போது எல்லாமே அழுகி, இலைகள் உதிர்ந்து கிடந்தன.

தொகுஜோவின் நண்பர் நிஷியோ வந்து பார்த்தார்.

"என்ன அண்ணி இது! குளிர்காலம் முழுக்கக் காயவிடணும். இலை சுருங்கித்தான் தூங்கும். தூங்குறதை எழுப்பிக் குளிப்பாட்டிட்டீங்களே!"

ஹட்சுயே ஒரு தொட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில கடைசி ரெண்டு நாள் அவர் தண்ணி, தண்ணின்னு கேட்டார். டாக்டர் கூடாதுன்னார், நான் கொடுக்கல. இதுவும் அதே மாதிரி வாடிக் கிடந்துச்சு. எப்படி ஊத்தாம இருப்பேன்?"

நிஷியோ தொட்டியை வாங்கி, பாசியை எடுத்துப் பிழிந்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.