கடைசிக் கம்பத்தில் நேவியானா

மிலேனா, தான் வேலை பார்க்கும் வெளிநாட்டு நகரமான லைப்ஸிக் போகும் பேருந்தில் ஏறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் அம்மாவுக்கு நாற்பதாம் நாள் சடங்கு முடிந்ததற்கு மறுநாள். ஸ்டோய்மென் மகளின் பெட்டியைப் பேருந்துக்குள் தள்ளிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நேராக அலுவலகத்துக்கு வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நாங்கள் செய்துகொண்டிருந்த கார் பந்தய விளையாட்டைக் கணினியில் திறந்து, ஒரு சிவப்புக் காரை எடுத்து, பந்தயம் ஓடும் திசைக்கு எதிர்த்திசையில் ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு மின்கம்பத்தருகிலும் நிறுத்தினார், பார்த்தார், அடுத்த கம்பத்துக்குப் போனார்.

அவர் எப்போதும் ஓட்டுவது அப்படித்தான். ஒரு பந்தயத்தைக்கூட அவர் முழுசாக ஓடி முடித்து நான் பார்த்ததில்லை. ஐம்பதைத் தாண்டிய கனத்த உடம்பு, ஒரு பக்கம் சாய்ந்தே உட்காரும் பழக்கம், பல்லிடுக்கில் சதா சூரியகாந்தி விதை. தோலைத் துப்ப, பிடி உடைந்த கோப்பை ஒன்றை மேஜையில் வைத்திருப்பார். சாலையோரத்தில் இருப்பதெல்லாம் அவர் வேலை: மதில், வாய்க்கால், பாப்ளார் மரம், கம்பம். "காரு செய்யறவனுக்குத்தான் கைதட்டு. நம்மளத் தொண்ணூறு மைல் வேகத்துல தாண்டிப் போயிடுவானுங்க" என்பார். பொறாமையாக அல்ல, வானிலை சொல்வதுபோல.

எங்கள் ரூசே நகரத்தில் அஞ்சலித் தாள் இல்லாத கம்பம் கிடையாது. இறந்தவரின் படம், பெயர், கீழே துக்கப்படுபவர்கள். நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஒரு வருடம் என்று வீட்டு வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் புதிதாக ஒட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒட்டியதைக் கையால் கிழிக்க மாட்டார்கள். முதல் விளையாட்டுக்குக் கம்பம் செய்தபோது ஸ்டோய்மென் யோசிக்காமலே அவற்றில் தாள்களையும் ஒட்டிவிட்டார், இல்லாத பெயர்களோடும் இல்லாத முகங்களோடும். அலுவலகத்தில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. வெளிநாட்டில் அதை வெளியிடுகிறவர்கள்தான் கேட்டு எழுதினார்கள்: இந்தத் தேடப்படும் குற்றவாளிகளுக்குக் கதையில் என்ன பங்கு?

எங்கள் தலைவர் காவ்ரில் நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தார். அன்றிலிருந்து ஸ்டோய்மெனுக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. செத்துப்போன காபி இயந்திரத்துக்கு ஓர் அஞ்சலி: "நீ போய் ஒரு வருடம். மூன்றாம் மாடி இன்னும் தூங்கி வழிகிறது." காவ்ரிலின் தலைமுடிக்கு ஒன்று: "இளமையிலேயே பிரிந்தாய். சீப்பு உன்னை மறக்கவில்லை." எங்கெங்கோ இருந்து விளையாடுகிறவர்கள் பந்தயத்தை விட்டுவிட்டு இவருடைய கம்பங்களைத் தேடி ஊர்ந்தார்கள். கண்டுபிடித்ததை மொழிபெயர்த்து, படம் போட்டுச் சிரித்தார்கள். காலையில் வந்ததும் அதையெல்லாம் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடுவார்.

அப்புறம் அவர் மனைவி நேவியானா இறந்துபோனார். வீட்டு வாசலில் தாள் வரவில்லை. அண்டை வீட்டார் கேட்டார்கள், அச்சகக்காரர் ஆள் அனுப்பிக் கேட்டார். நாற்பதாம் நாள் கல்லறையில், சடங்குக்கு அவித்த கோதுமைக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே மிலேனா கேட்டாளாம்:

"காபி மெஷினுக்கு எழுதின. காவ்ரில் மண்டைக்கு எழுதின. அம்மாவுக்கு மட்டும் உனக்குக் கை வரலையாப்பா? செத்தது யாருன்னு தெருவுக்கே தெரியாமப் போகட்டும்னா?"

அந்த ஞாயிறன்று, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஸ்டோய்மென் இதை என்னிடம் சொன்னார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? எழுதத்தான் உட்காந்தேன்மா. பேர அடிச்சேன். அடுத்த வரி தானா வேடிக்கையா வருது. அழிச்சேன். மறுபடியும் வேடிக்கை. இந்தக் கைக்கு வேற பழக்கமில்ல." விதையை மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்தார். "பஸ் ஏறும்போது, இனிமே போன் பண்ணாதன்னுட்டா."

அவர் போன் பண்ணவில்லை. குளிர்காலம் முழுக்க விளையாட்டுக்குள் தன்யூப் ஆற்றங்கரைப் பாதையைக் கட்டினார். பந்தயம் முடியும் கோட்டைத் தாண்டி, தடுப்பின் இடைவெளியில் நுழைந்து போனால் படகுத்துறை. அங்கே தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு கம்பம். அதில் ஒட்டிய தாளில் மனைவியின் படம், நகைச்சுவை எதுவும் இல்லை. "நேவியானா கார்தெவா. ஆறு மாதம். கணவர், மகள்." அவ்வளவுதான்.

காவ்ரில் அதைக் கண்டுபிடித்துவிட்டு அவர் மேஜைக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணே, ஊர்ல இருக்குறவன் பூரா உன் கம்பத்தத்தான் மோப்பம் புடிச்சிக்கிட்டு அலையுறான். இதையும் கண்டுபிடிப்பான். சிரிப்பான். எடுத்துடு."

"ஒட்டுன தாள எவன்டா கையால கிழிப்பான்? மழை வந்து கிழிக்கட்டும்."

"உன் விளையாட்டுல பெய்யுற மழை தாள நனைக்காதுய்யா!"

"அப்ப இருந்துட்டுப் போகட்டும்."

காவ்ரில் போனபின், ஏன் அங்கே ஒட்டினீர்கள் என்று நான் கேட்டேன். வீட்டு வாசலில் ஒட்டினால் மிலேனா பார்க்க மாட்டாள், அவள் இருக்கும் ஊருக்கு எட்டுவது இது ஒன்றுதான் என்றார். மிலேனா வாழ்நாளில் ஒரு கார் விளையாட்டைத் தொட்டவள் அல்ல என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். "அவங்க சிரிச்சா?" என்றேன். "சிரிக்கப் பழக்குனது நான்தானே" என்றார்.

சிரிக்கத்தான் செய்தார்கள். வசந்தத்தில் விளையாட்டு வெளியானது. போலந்துக்காரப் பையன் ஒருவன் படகுத்துறையைக் கண்டுபிடித்து, இம்முறை செத்தது படகா நங்கூரமா என்று கேட்டு வீடியோ போட்டான். நேவியானா என்பது எந்த இயந்திரத்தின் பெயர் என்று நாள்கணக்கில் வாதாடினார்கள். இதில் நகைச்சுவை இல்லை, இது உண்மையிலேயே இறந்துபோன ஒரு பெண் என்று யாரோ எழுதியபின் சிலர் மன்னிப்புக் கேட்டார்கள். வேறு யாரோ அந்தப் படத்துக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிப் பரப்பினார்கள். ஸ்டோய்மென் அனைத்தையும் படித்தார். காலைப் பலகாரமாக வாங்கி வந்த பனித்ஸா மேஜையிலேயே ஆறி எண்ணெய் உறைந்து கிடந்தது.

காவ்ரில் மறுபடி வந்தார். "இப்பவாச்சும் எடுக்கட்டுமா அண்ணே?"

ஸ்டோய்மென் கறுப்புக் கண்ணாடிப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "அவ இருந்திருந்தா முதல்ல சிரிச்சிருப்பா. இருக்கட்டும்டா."

விளையாட்டின் அடுத்த திருத்தம் வெளியானபோது தாளில் "ஒரு வருடம்" என்று மாற்றினார். அதற்கடுத்து "ஒன்றரை". மகளுக்கு எதுவும் எழுதவில்லை. கம்பத்தைப் பற்றி யார் மூலமாகவும் சொல்லி அனுப்பவும் இல்லை. "தேடி வர்றதுதான் இதுல விஷயம். காட்டிக் குடுத்தா அது விளம்பரம்" என்றார் ஒருமுறை.

நான் ரூசேயை விட்டுக் கிளம்பினேன். வேறு ஊர்கள், வேறு வேலைகள். திரும்பி வந்தும் நாளாகிவிட்டது. சென்ற மாதம் ஸ்டோய்மெனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தன் பங்குக்கு ஒரு சொல்லும் சேர்க்காமல், தனக்கு வந்ததை அப்படியே எனக்குத் தள்ளிவிட்டிருந்தார்:

"அப்பா, கூட வேலை பாக்குறவன் ஒருத்தன் இது உன் குடும்பப் பேராச்சேன்னு கேட்டான். நேத்து அவன் வீட்டுல போய் ஓட்டிப் பாத்தேன். எனக்கு வரவே இல்ல, திரும்பத் திரும்ப ஆத்துல விழுந்தேன். ஒருவழியா துறைக்கு வந்தா, கிட்டப் போகப் போக அம்மா முகம் மங்குது. அது என்ன, அடையாள அட்டைப் படமா? போலீஸ் ஸ்டேஷன்ல நிக்குற மாதிரி நிக்குறா. எங்கிட்ட நல்ல படம் இருக்கு, அனுப்புறேன். மாத்திடு. வாசல்லயும் ஒண்ணு ஒட்டு."