வெட்டட்டுமா அக்கா

“வெட்டட்டுமா?”

நாற்காலியில் உட்காரவைத்து, துணி போர்த்தி, எவ்வளவு நீளம் என்று விரலால் அளந்து காட்டிய பிறகும் அக்கா இதைக் கேட்பார். தலையாட்டினால் செல்லாது. “வாயத் தொறந்து சொல்லும்மா” என்பார். சொன்னால்தான் கத்தரிக்கோல் அசையும். பாதியில் இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டுமென்றால் மறுபடியும் அதே கேள்வி. “இது பியூட்டி பார்லரா, சட்டசபையா?” என்று கிண்டல் செய்தவர்களே அவருக்கு ‘வெட்டட்டுமா அக்கா’ என்று பெயரும் வைத்தார்கள். கடையின் பெயர்ப்பலகையில் இருப்பதை இப்போது யாரும் படிப்பதில்லை.

சின்ன வயதில் அவர் வளர்ந்தது, அரசாங்கப் பணத்தில் திருச்சபை நடத்திய பிள்ளைகள் இல்லத்தில். படுக்கையை நனைத்தால், சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் பார்க்க மொட்டை. “அடிக்கிற கைதான் அணைக்கும்னு சிஸ்டர் சொல்லிக்கிட்டே மழிப்பாங்க. அடிச்ச கையத் தெரியும். அணைக்கிற கை எப்ப வரும்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன்” என்பார், சிரித்தபடி. கேட்பவருக்குத்தான் சிரிப்பு வராது. ஆய்வுக்கு வந்த அதிகாரிகளோ சுவருக்கு வெள்ளையடித்திருப்பதைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

போன மாதம் அந்த இல்லத்தில் வளர்ந்தவர்களைக் கூட்டி, அமைச்சரும் ஆயரும் ஒரே மேடையில் மன்னிப்புக் கேட்டார்கள். அக்கா பாதியிலேயே எழுந்து வந்துவிட்டார். ஏனென்று மகள் கேட்டாள்.

“‘வருந்தத்தக்க சம்பவங்கள் நடந்துவிட்டன’ன்னு வாசிக்கிறாங்கடி. தானா நடக்க அது என்ன மழையா? கத்தி புடிச்ச கைன்னு ஒண்ணு இல்லையா?”

எழுந்து வந்த சேதி அந்தக் கைக்குரியவர் காதுக்கும் எட்டியது. முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் சிஸ்டர், பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். அக்கா கடைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். “கத்தரிக்கோல் எதுக்கும்மா?” என்று கேட்டுக்கொண்டே மகளும் கூடவே ஓடினாள்.

சிஸ்டரின் நரைமுடி தலையணையில் புரண்டு புரண்டு சடைவிழுந்து கிடந்தது. சீப்பு பட்டாலே வலிக்கிறதென்று யாரையும் தொடவிடுவதில்லையாம்.

“ஒனக்கு மழிச்சது நான்தான். யாரும் சொல்லிச் செய்யல. நானாத்தான் செஞ்சேன்” என்றார் சிஸ்டர்.

அக்காவின் கோபம் எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் மேடையில் கிடைக்காத ஒன்று இந்தக் கட்டிலோரம் கிடைத்துவிட்டது, கண் நிறைந்தது. பிறகு பையைத் திறந்து, அந்த மெலிந்த தோள்மேல் துணியைப் போர்த்தினார்.

“வெட்டட்டுமா?”

சிஸ்டர் தலையை மட்டும் ஆட்டினார். கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்தபடி, அவர் வாய் திறப்பதற்காக அக்கா காத்துக்கொண்டு நின்றார்.