அண்ணன் சீராகக் கொண்டுவந்த பெட்டிகள்

எங்கள் வீட்டு ஹாலில் இருந்த ஐந்து ஸ்பீக்கரையும், அடிமுழக்கத்துக்கான சப்வூஃபர் பெட்டியையும் தேர்ந்தெடுத்தது நான்தான். சொன்னால் யாரும் நம்புவதில்லை. பள்ளிக்கூட டீச்சருக்கு, அதுவும் ஐம்பதை நெருங்குகிற பொம்பளைக்கு, இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று என் கணவரிடம்தான் விசாரிப்பார்கள். அவருக்கு டிவியில் சத்தம் வந்தால் போதும். வராவிட்டாலும் கவலையில்லை, தூங்கிவிடுவார்.

கீழக்குயில்குடிப் பக்கம் மனை வாங்கி வீடு கட்ட ஆரம்பித்தபோதே, ஹாலில் உட்கார்ந்தால் தியேட்டர் மாதிரிக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். என்னோடு வேலை பார்ப்பவர்கள் சமையலறைக்குக் கிரானைட் கேட்டுச் சண்டை போட்டார்கள். நான் பூச்சு வேலைக்கு முன்னால் சுவருக்குள் ஸ்பீக்கர் ஒயர் போகக் குழாய் பதிக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். எலக்ட்ரீசியன் என் கணவரிடம், "சார், மேடம் சொல்றது நெசந்தானா?" என்று கேட்டுவிட்டுத்தான் சுவரை வெட்டினார்.

டவுன்ஹால் ரோட்டுக் கடைகளிலும் இதே கூத்துதான். கேள்வி கேட்பது நான், பதில் போவது அவருக்கு. ஒரு கடையில் ஹெலிகாப்டர் பறக்கிற காட்சியையே திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். "ரெண்டு பேர் மெதுவாப் பேசிக்கிற சீன் ஒண்ணு போடுங்க" என்றேன். கடைக்காரர் முழித்தார். மனுசன் பேசுவது தெளிவாகக் கேட்காத பெட்டியில் எத்தனை ஹெலிகாப்டர் பறந்து என்ன புண்ணியம்? ஆறு மாதம் அலைந்து, பேச்சு சுத்தமாகக் கேட்கிற செட் ஒன்றைப் பிடித்தேன்.

சப்வூஃபரை எங்கே வைப்பது என்பதற்கும் ஒரு வழி படித்திருந்தேன். அதை நாம் உட்காரும் சோபாவில் தூக்கி வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, நாம் தரையில் தவழ்ந்து போக வேண்டும். எந்த மூலையில் முழக்கம் நன்றாக இருக்கிறதோ அதுதான் அதன் இடம். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு புது டைல்ஸில் தவழ்ந்துகொண்டிருந்தவளைப் பார்த்து, "என்ன, தோட்டுத் திருகாணி விழுந்துருச்சா?" என்றார் என் கணவர். அவரும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

இதையெல்லாம் நான் ஞாயிறுதோறும் போனில் என் அண்ணனிடம் சொல்வேன். அண்ணனுக்குக் கொட்டாம்பட்டிப் பக்கம் விவசாயம். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தது அவர்தான். ஸ்பீக்கரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் "அப்பறம்? அப்பறம்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். நான் அளந்துகொண்டே இருப்பேன்.

வினை அங்கேதான் இருந்தது. எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டில் இன்னது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கமாட்டாள். "பக்கத்து வீட்டுல பெரிய கிரைண்டர் வாங்கிருக்காக" என்று பேச்சோடு பேச்சாகச் சொல்வாள். அண்ணன் புரிந்துகொள்வார். அடுத்த விசேஷத்துக்குச் சீரோடு கிரைண்டர் வந்து இறங்கும். எங்கள் வீட்டுக் கிரைண்டரும் பீரோவும் அப்படி வந்தவைதான். அப்படிப்பட்ட நான் ஆறு மாதம் வாராவாரம் ஸ்பீக்கரைப் பற்றியே பேசினால் அவர் என்னவென்று எடுத்துக்கொள்வார்? நானே வாங்கி மாட்டியாயிற்று என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. பால் காய்ச்சுகிற அன்று அவரை நடு சோபாவில் உட்காரவைத்து அசத்த வேண்டும் என்று ஆசை.

அன்றைக்குக் காலையில் தெருமுனையில் மேளம் கேட்டது. தேங்காய் பழத் தட்டும் பித்தளை அண்டாவுமாக அண்ணன் வீட்டுச் சீர் வந்தது. கடைசியில் நான்கு ஆட்கள் இரண்டு மரப்பெட்டிகளைத் தூக்கி வந்தார்கள். ஒவ்வொன்றும் என் நெஞ்சு உயரம். மேலூரில் விசேஷ வீடுகளுக்கு ரேடியோ செட் கட்டுகிறவரிடம் சொல்லிச் செய்த ஸ்பீக்கர்கள். வலைக்குப் பின்னால் நீலமும் சிவப்புமாகக் குட்டி விளக்குகள். இரண்டின் நெற்றியிலும் மஞ்சள் பெயிண்டில் 'அண்ணன் சீர்' என்று பெரிதாக எழுதியிருந்தது.

"ஆறு மாசமாச் சொல்லிக்கிட்டே இருந்தியேத்தா" என்றார் அண்ணன். முகமெல்லாம் சிரிப்பு. வண்டிச் சாவிக் கொத்தில் மாட்டியிருந்த ஒரு பென் டிரைவைக் காட்டினார். "புது வீட்டுல மொதப் பாட்டு சாமி பாட்டா இருக்கட்டும். இதுல ஒரே ஒரு பாட்டு ஏத்திட்டு வந்துருக்கேன். போட்டுப் பாப்பமா?"

சுற்றிலும் என் பள்ளிக்கூடத்து ஆட்கள். என் ஸ்பீக்கர்களின் அருமை பெருமையை அப்போதுதான் அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு டீச்சர் மஞ்சள் எழுத்தைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அண்ணனை நினைத்து வெட்கப்பட்டேன் என்பதை எழுதுவதற்கு இப்போது கை கூசுகிறது.

"அண்ணே, இதைப் போட்டா கட்டுன வீடு இடிஞ்சு விழுந்துரும்ண்ணே!" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்சம் பிந்தி அண்ணனும் சிரித்தார். சாவிக் கொத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் விடவில்லை. அவரைக் கையைப் பிடித்து நடு சோபாவில் உட்காரவைத்து, மழை பெய்கிற காட்சியைப் போட்டேன். அவர் இரண்டு மூன்று தடவை திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்பக்க ஸ்பீக்கரில் மழை கேட்டுப் பிரமித்துவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை. பின்னால் மாடிப்படி. அவருடைய பெட்டிகளை நான் சொன்னபடி மாடி அறைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்தப் பொங்கலுக்கு அரிசியும் கரும்புமாக அண்ணன் வந்தார். பெட்டிகளைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை. சித்திரையில் வாசல் கேட்டுக்கு வண்ணம் பூச வந்த மேலூர்ப் பெயிண்டர் மாடி அறையைப் பார்த்துவிட்டு, "அக்கா, சும்மாதான கெடக்கு. என் மச்சான் டீக்கடைக்கு எடுத்துட்டுப் போகட்டா?" என்றார். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "அந்த எழுத்தை மட்டும் சுரண்டிருங்க" என்றும் சொன்னேன். செய்கிற காரியம் இன்னதென்று தெரிந்தேதான் செய்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அண்ணன் வரவு நின்றது. போன் செய்தால் நடவு என்பார், அறுப்பு என்பார். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அடுத்த பொங்கலுக்குச் சீரை ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தங்கச்சி வேண்டாதவளாப் போயிட்டா பாத்தீங்களா" என்று என் கணவரிடம் அழுதேன். அண்ணி ஏதோ சொல்லிக்கொடுத்திருப்பாள் என்றுகூடப் பேசினேன். பாவம், அண்ணிக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

போன மாதம் உடன் வேலை பார்ப்பவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மேலூர் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் அந்தப் பெட்டிகளைப் பார்த்தேன். எழுத்தை அரைகுறையாகத்தான் சுரண்டியிருந்தார்கள். ரோட்டிலிருந்தே படிக்க முடிந்தது.

டீ வாங்கிக்கொண்டு, "பெட்டி நல்லாருக்கே, எங்க வாங்குனீங்க?" என்று கேட்டேன்.

"எங்க மச்சான் ஒரு டீச்சர் வீட்டுலருந்து கொண்டாந்தாரு. வேண்டாம்னு தூக்கிக் குடுத்துட்டாகளாம்" என்றார் கடைக்காரர். "நீங்க கேட்ட மாதிரியே போன ஆடியில ஒரு அண்ணே கேட்டாரு. கொட்டாம்பட்டிப் பக்கத்து ஆளு, சந்தைக்கு வந்தவரு. டீயக் கையில வச்சுக்கிட்டு இதையே பாத்துக்கிட்டு நின்னாரு. வெவரம் சொன்னேன். சாவிக் கொத்துலருந்து பென் டிரைவக் கழட்டிக் குடுத்து, ஒரு பாட்டுப் போடச் சொன்னாரு. முடியிற வரைக்கும் நின்னு கேட்டாரு. 'தெளிவாத்தான் கேக்குது'ன்னாரு. டீயக் குடிக்காமலே போயிட்டாரு."

"என்ன பாட்டு?"

"ஏதோ சாமி பாட்டும்மா. எம்புட்டோ பேரு வாராக, ஞாபகம் இல்ல."

பஸ்ஸில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் வந்தேன். மறுநாளே அந்தக் கடைக்குப் புதுப் பெட்டி வாங்கிக் கொடுத்து, பழையவற்றை வீட்டுக்கு ஏற்றிவந்தேன். டிவிக்கு இரண்டு பக்கமும் இருந்த என் ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் நிறுத்தினேன். அண்ணனுக்குப் போன் செய்தேன். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அண்ணே, உன் பெட்டிய ஹால்ல வச்சுருக்கேன். ஞாயித்துக்கெழமை வாண்ணே. அன்னைக்குப் போடாம விட்ட பாட்டைப் போடுவோம்."

அண்ணன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"அந்தப் பாட்டத்தான் நான் கடையிலயே கேட்டுட்டேனேத்தா. அதுக்குன்னு இம்புட்டுத் தூரம் எதுக்கு? தண்ணி பாய்ச்சணும், வச்சிர்றேன்."

பெட்டிகள் ஹாலில்தான் நிற்கின்றன. இன்னும் ஒரு பாட்டும் போடவில்லை. முதல் பாட்டு அதுவாகத்தான் இருக்க வேண்டும், அது எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரியாது.