பொன் விளிம்பு ஒட்டியே இருந்தது

அப்பா எங்களை விட்டுப் போய் இம்மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் அன்பு வணக்கம்.

என்னை எழுதச் சொன்னவர் அம்மா. "நல்லதை மட்டும் எழுது மகள், நாலு பேர் வாசிக்கிறது" என்றார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். எழுதிப் பார்த்தால் அந்தத் தாளில் இருந்தவர் யாரோ ஒரு பரிசுத்தவான், எங்கள் அப்பா இல்லை. கிழித்துப் போட்டேன். இப்போது எழுதியிருப்பது சரியா என்று இன்னமும் தெரியவில்லை. அம்மா வாசித்துவிட்டு அழுதார். வெட்டு என்று சொல்லவில்லை. அதனால் விட்டுவிட்டேன்.

அப்பா மட்டக்களப்பில் ஓர் உபதேசியாரின் பேரனாகப் பிறந்தார். கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தார். நாட்டு நிலைமை மோசமானபோது நோர்வேக்கு வந்து, வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் விரல்கள் வெடிக்க வெடிக்க வேலை செய்தார். பிறகு அம்மாவையும் என்னையும் கூப்பிட்டு, ஒஸ்லோவில் ரொம்மனில் குடியேறி, அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்தார். புதிதாக வந்தவர்களை விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டிவருவார். வீடு கிடைக்கும்வரை எங்கள் வரவேற்பறையில் படுக்கவைப்பார். அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. இவை எல்லாம் உண்மை.

வாரநாட்களில், என் வயதுடைய ஒரு பொறுப்பாளர் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கழிவறையை மறுபடி துடைக்கச் சொல்வார். ஞாயிறு பின்னேரம், நோர்வேஜியர்கள் ஆராதனை முடித்துப் போனபின் நாங்கள் இரவல் வாங்கும் தேவாலயத்தில், அப்பா கழுத்துப்பட்டி கட்டி முன்வரிசையில் இருப்பார். அங்கே அவர் "ஐயா". யார் வேதம் வாசித்தாலும் புத்தகத்தைத் திறக்காமலே திருத்துவார்.

"நிறுத்தி வாசி தம்பி. அதில ஒரு நிறுத்தம் இருக்கு."

அவர் சொன்னது எப்போதும் சரியாகவே இருக்கும். சபை அவருக்குக் கறுப்புத் தோலில், ஸிப் வைத்து, பொன் விளிம்பிட்ட வேதாகமம் ஒன்றைப் பரிசளித்தது. ஒவ்வொரு ஞாயிறும் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவார். எல்லாவற்றையும் பறிகொடுத்த மனிதருக்கு அந்த ஒரு பெருமையாவது இருக்கட்டும் என்று நானும் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

கடல் பொங்கி வந்த அந்த மார்கழியில் அப்பாவின் அக்கா, என் மாமி, ஊரில் இறந்துபோனார். அடுத்த ஞாயிறு அப்பா சபையில் எழுந்து, தேவன் இப்படியானவற்றை ஏன் அனுமதிக்கிறார் என்று விளக்கினார். எல்லோரும் தலையாட்டினீர்கள். வீட்டுக்கு வந்தபின் அவர் காரிலிருந்து இறங்கவில்லை. நெடுநேரம் உள்ளேயே இருந்தார். நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"அப்பா, சேர்ந்து ஏதாவது வாசிப்பமா?"

"எனக்குத் தெரியாததா அதில இருக்கு?" என்றார்.

இந்தக் கேள்வியை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. தேடுவதென்றால், என்னிடம் இல்லை என்று முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். அக்காவைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, ஏன் என்று தெரியாமல் காருக்குள் இருந்த மனிதருக்கு, தெரியவில்லை என்று கடவுளிடம்கூடச் சொல்ல முடியவில்லை. கடவுளிடம் முறையிட்டு அழுதவர்களின் வார்த்தைகள் பக்கம் பக்கமாக அந்தப் புத்தகத்தில் இருக்கின்றன. அவற்றை அவர் மனப்பாடமாகச் சொல்வார். ஒன்றையாவது தனக்காகச் சொன்னாரா?

பிறகு எனக்குத் திருமணமாகி, நாங்கள் ஹவுகெட்டோவில் குடியேறினோம். என் கணவர் திருகோணமலையில் சைவக் குடும்பத்தில் வளர்ந்து, இங்கே விசுவாசத்துக்கு வந்தவர். எங்கள் வீட்டில் நடந்த முதல் வீட்டு ஜெபத்தில், வழக்கம்போல ஆளுக்கொரு வசனமாக வாசித்துக்கொண்டு வந்தோம். அப்பா தன் வசனத்தைப் புத்தகம் திறக்காமல் சொன்னார். அடுத்து என் கணவரின் முறை. அவரிடம் நோர்வேஜிய மொழி வேதாகமம்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த எங்கள் சபை அன்ரி, "மாமாட பைபிளை வாங்கி வாசிங்களன்" என்றார்.

கணவர் வாங்கி ஸிப்பைத் திறந்தார். பக்கங்கள் பிரியவில்லை. பொன் விளிம்பு ஒன்றோடொன்று ஒட்டி, கட்டுக் கட்டாகப் புரண்டது. விரலை விட்டு நெம்பியபோது சடசடவென்று சத்தம். வீடே கேட்டது.

"மாமா, இது புதுசா வாங்கினதோ?"

அவர் வெள்ளை மனதோடுதான் கேட்டார். அன்ரி சும்மா இருந்திருக்கலாம். "சபை குடுத்து எத்தினை வருசம்! ஐயாவுக்கு எல்லாம் தலைக்குள்ள இருக்கு, ஏன் திறக்க?" என்றார். யாரோ சிரித்தார்கள்.

அப்பா எழுந்து கோட்டை மாட்டினார்.

"நேத்து வந்த நீ எனக்கு வேதம் படிப்பிக்கிறியோ?"

"ஐயோ இல்ல மாமா. பக்கம் பிரியேல்ல, அதான்..."

"எழும்பு, போவம்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா கையிலிருந்த வடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

அதன்பிறகு அப்பா எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. என் மகள் பிறந்தபோது மருத்துவமனைக்கு வந்து பார்த்தார். வீட்டுக்கு வரவில்லை. கணவர் போய் மன்னிப்புக் கேட்டார். "அதை விடும்" என்றார், அவ்வளவுதான். என்னைச் சுடுவது அதுவல்ல. அப்பா வீட்டுக்குப் போய் அதைத் திறந்திருக்கலாம். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் திறந்தால் மருமகன் கண்டது சரியென்று ஆகிவிடும். அதனால் ஒட்டியதை ஒட்டியபடியே வைத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் கக்கத்தில் சுமந்தார். நீங்களும் "ஐயா, ஐயா" என்று முன்வரிசையில் இடம் விட்டுக்கொண்டே இருந்தீர்கள். அதை மரியாதை என்று நினைத்தீர்கள். எனக்கு அது மரியாதையாகப் படவில்லை.

புற்றுநோய் என்று அறிந்தபோது நோய் முற்றியிருந்தது. மருத்துவமனையில் கட்டில் பக்கத்து அலுமாரியின் மேல் வேதாகமத்தை வைத்தோம், ஸிப் பூட்டியபடி. தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்கள் போதகர் பார்க்க வந்தார்.

"ஐயா, ஒரு அதிகாரம் வாசிக்கட்டுமா?"

"எந்த அதிகாரம்?"

போதகர் சொன்னார்.

"அது எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்யா. கேக்கணும்னு தோணலையா?"

அப்பா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போதகர் கால்மாட்டுப் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனார். அன்று அப்பாவை நான் திட்டியிருக்க வேண்டுமா என்று இந்த ஓராண்டும் யோசிக்கிறேன். நோயாளியைத் திட்டலாமா? திட்டாமல் விடலாமா?

சில நாட்களின்பின் ஒரு காலையில், அவராகவே சொன்னார்.

"மகள், அந்த ஸிப்பைத் திற."

திறந்து நெஞ்சின்மேல் வைத்தேன். பெருவிரலால் விளிம்பைத் தடவித் தடவிப் பார்த்தார். விரலில் பலமில்லை, ஒரு பக்கம்கூடப் பிரியவில்லை. நான் கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"மருமகனைக் கூப்பிடு. அவர் வந்து திறக்கட்டும்."

கணவர் லில்லெஸ்ட்ரோமில் வேலையில் இருந்தார். தொலைபேசியில் சொன்னதும் அப்படியே ரயில் ஏறினார். அவர் வந்து சேர்ந்தபோது அப்பாவுக்கு நினைவு தப்பியிருந்தது. கணவர் வேலை உடுப்போடு கட்டில் ஓரம் இருந்து, பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, போதகர் சொன்ன அந்த அதிகாரத்தைக் கண்டுபிடித்து வாசித்தார். நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தவில்லை. தடுமாறினார். அம்மாவும் நானும் ஒவ்வொரு பிழைக்கும் எங்களை அறியாமல் அப்பாவின் முகத்தைப் பார்த்தோம். அப்பா திருத்தவில்லை. பின்னேரம் போய்விட்டார்.

சமாதானமாகப் போனார் என்று எல்லோரும் சொன்னீர்கள். வாசித்தது அவர் காதில் விழுந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. தீர்ப்பு என் கையில் இல்லை, அந்த மட்டில் நன்றி. ஆனால் ஒரு மனிதர் தன் கையில் இருந்ததைக் கடைசிக் காலையில்தான் கேட்டார் என்பதை நான் அழகாக எழுத மாட்டேன். அவருக்கு வருடக்கணக்காக நேரம் இருந்தது. பெருமை அதைத் தின்றது.

அந்த வேதாகமம் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. மிச்சப் பக்கங்களை மகளும் நானும் பிரிக்கிறோம். அவளுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். விரலில் பொன் ஒட்டினால் காட்டிச் சிரிப்பாள். எனக்குத் தெரியாததை அவள் கேட்டால், தெரியாது என்று சொல்லப் பழகுகிறேன். அது எனக்கும் லேசாக வரவில்லை. நானும் உபதேசியார் குடும்பம்தானே.

அப்பாவை அன்போடு பராமரித்த தாதியருக்கும், அவர் திருப்பியனுப்பியும் மறுபடி வந்து அடக்க ஆராதனையை நடத்திய போதகருக்கும், சாப்பாடு கொண்டுவந்தவர்களுக்கும், பனிக்குள் பெட்டியைச் சுமந்தவர்களுக்கும் எங்கள் நன்றி. அன்ரி, உங்களுக்கும் நன்றி. அம்மாவை ஒருநாளும் தனியே விடவில்லை நீங்கள்.

ஓராண்டு ஜெபம் ஹவுகெட்டோவில் எங்கள் வீட்டில் நடக்கும். எல்லோரும் அவசியம் வாருங்கள். அவரவர் வேதாகமத்தைக் கொண்டுவாருங்கள். அதன் விளிம்பை நான் பார்க்க மாட்டேன். வீட்டிலிருந்து புறப்படுமுன் நீங்களே ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

மகள்