கீரனூர்ப் பக்கத்துப் பாண்டவர் வீடு

ஐம்பதுகளின் கடைசி. அப்பா இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. எங்களில் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. அம்மாவும் நானும் தெருமுனையோடு திரும்பிவிட்டோம். அதற்கப்புறம் அங்கே என்ன நடந்தது என்று அம்மா அண்ணனிடம் கேட்டதே இல்லை. கேட்க வாயெடுப்பாள், சாதம் வேணுமா என்று முடிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த அண்ணனுக்கு ஞாயிறானால் வீட்டில் கால் தங்காது. கீரனூர்ப் பக்கம் பாண்டவர்கள் வனவாசத்தில் தங்கிய கல் வீடு இருக்கிறது என்று சொல்லி, மன்னார்புரத்தில் எங்களை பஸ் ஏற்றினான். அம்மா தேங்காயும் சூடமும் எடுத்துக்கொண்டாள்.

வீடா அது? முள்ளுக்காட்டு நடுவே வட்டமாகச் செம்புறாங்கற்கள். உள்ளே நாலு பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லைப் போட்டிருந்தார்கள். என் இடுப்பு உயரம்கூட இல்லை. கிழக்குக் கல்லில் தலை நுழைகிற அளவுக்கு ஒரு வட்டத் துளை. பீமன் இதில் எப்படிப் படுத்தான், திரௌபதி எங்கே சமைத்தாள் என்று அண்ணனைக் குடைந்தெடுத்தேன். அசடு வழிந்தான். கடைசியில் உண்மையைக் கக்கினான். எந்தக் காலத்திலோ செத்தவர்களின் எலும்பை வைத்து மூடிய இடமாம். சொன்னால் அம்மா வரமாட்டாள் என்று மறைத்தானாம்.

அம்மா அவனை வாங்கு வாங்கென்று வாங்கப்போகிறாள், உடனே தலை முழுகணும் என்று கிளம்பப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மண்டிபோட்டு, துளைக்குள் தலையை விட்டாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவளை நகரச் சொல்லி நானும் எட்டிப் பார்த்தேன். மண்ணும், உடைந்த கறுப்புச் சட்டி ஒன்றும்தான் இருந்தன. வெளியே அந்த வெயில், உள்ளே குளுகுளுவென்று இருந்தது. சட்டியில் சோறு வைத்திருப்பார்களா, துளை காற்றுக்கா, இல்லை செத்தவர் வந்துபோகவா என்று இருவரும் மாறி மாறிக் கேட்டோம்.

அம்மா எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள்.

"அப்பாவ வச்ச எடத்துல நெழல் இருந்துச்சாடா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு புங்கமரம் உண்டு, ஆனால் நிழல் அவர் பக்கம் விழவில்லை என்றான். அப்பாவை எடுத்துப்போன அன்றைக்கு நல்ல சித்திரை வெயில்.

அம்மா அழவில்லை. கொண்டுவந்த தேங்காயையும் சூடத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"அங்க பஸ் போகுதா?" என்றாள்.