உப்பில்லாத ஒரு தம்ளர்

எங்கள் சேப்பங்கிழங்கு என் பெருவிரல் அளவுதான் இருக்கும். எதிர்வீட்டுக்காரி கொண்டுவந்து நீட்டியதோ தேங்காய் அளவு. தோலில் அதே வளையங்கள், அதே மண் வாசனை. கையில் வாங்கியதும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. அமெரிக்காவில் இந்தச் சான் ஹோசேக்கு வந்து ஆறு வருஷத்தில் இத்தனை பெரிய கிழங்கை நான் பார்த்ததில்லை.

எதிர்வீட்டுக்காரி ஹவாய்க்காரி. அவளுடைய அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு அந்தப் பெரியம்மா எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேட்டதெல்லாம் 'போயி' மட்டும். இந்தக் கிழங்கை வேகவைத்து, இடித்து, குழைத்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்தால் அதுதான் போயி. இடிக்கும் கல்லும் பலகையும் ஹவாயில் இருக்கின்றன. மிக்ஸியில் போட்டுப் பார்த்தாளாம், மிக்ஸி புகைந்துபோனது. வாராவாரம் எங்கள் வீட்டுக் கிரைண்டர் ஓடும் சத்தம் அவளுக்குக் கேட்கும். அதனால் வந்தாள். கடையில் இருந்தது அந்த ஒரே கிழங்குதான், அடுத்தது வர இரண்டு வாரம் ஆகும்.

அவள் சொன்னதை என் பேத்தி எனக்குச் சொன்னாள். "நோ சால்ட், பாட்டி. டாக்டர் ஸெட் ஸோ."

"சரி கண்ணு. உப்புன்னா எனக்குத் தெரியாதா?"

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதையும் நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் போனில் எழுதுகிறாள். ஆனால் கிழங்கை எனக்குத் தெரியும். அரைவேக்காட்டில் எடுத்தால் தொண்டை அரிக்கும். என் வீட்டுக்காரர் ஒருமுறை அப்படிச் சாப்பிட்டுவிட்டு, சம்பந்தி வீட்டார் முன்னால் புளியை உருட்டி வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதனால் இதைத் துண்டு போட்டு, குக்கரில் எட்டு விசில் விட்டு, அடுப்பைக் குறைத்து இன்னும் அரைமணி வைத்தேன். திறந்தபோது வெளிர் ஊதா நிறத்தில் வெந்திருந்தது.

கிரைண்டர் இதற்கு லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. பசை ஏறி, கல் நின்று நின்று சுற்றியது. உள்ளங்கையில் தண்ணீர் எடுத்துத் தெளித்துத் தெளித்து ஓட்டினேன். அரைபட்டு மழமழவென்று வந்ததும் பாத்திரத்தில் வழித்தேன். அப்போது ஈரோட்டிலிருந்து தங்கச்சி வீடியோ காலில் வந்தாள். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்துப் பேசினேன். அவளுக்கு முட்டி வலி, மாடி போர்ஷனுக்கு ஆள் வரவில்லை, இப்படி ஏதேதோ.

"ஏக்கா, மாவு ராகியாட்ட இருக்குது?"

"ராகி இல்ல, ஹவாய்க் கெழங்கு."

"அதுக்கு எதுக்கு இத்தன உப்பு? உனக்கு பிரசர் இருக்குதல்ல?"

என் கை மணிக்கட்டு வரை மாவுக்குள் இருந்தது. ஒரு பிடி கல்லுப்பு ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. இத்தனை வருஷமாக மாவை வழித்ததும் உப்பைப் போட்டுக் கலக்கிய கை, என்னைக் கேட்காமலே போட்டுவிட்டது.

மருமகள் ஹெட்போனோடு சமையலறைக்கு வந்தாள். "என்ன அத்தை, ஏன் அப்படியே நிக்கிறீங்க?"

"கெடுத்துட்டேன் கண்ணு."

"கொஞ்சம் தண்ணி விட்டு டைல்யூட் பண்ணலாமா?"

"தண்ணி விட்டா உப்பு எங்க போகும்?"

"சொல்லாம குடுத்துரலாம்னு மட்டும் நெனைக்காதீங்க."

"நெனச்சேன்தான்," என்றேன்.

நல்லவேளை, கிரைண்டரை இன்னும் கழுவவில்லை. கல்லிலும் சட்டியிலும் தடியாக ஒட்டியிருந்தது. ரப்பர் கரண்டியால் சுரண்டி, கையளவு தண்ணீர் விட்டு, விரலால் வழித்து எடுத்தேன். ஒரு தம்ளர் தேறியது. அதை மூடி ஓவனுக்குள் வைத்து, சூடு போடாமல் உள்விளக்கை மட்டும் போட்டேன். எங்கள் இட்லி மாவும் அங்கேதான் புளிக்கும். ஓவன் கதவில் மருமகள் மஞ்சள் காகிதம் ஒட்டினாள். அதில் என்ன எழுதியிருக்கிறதோ, மஞ்சள் இருந்தால் ஓவனைப் போடக்கூடாது என்பது எனக்குத் தெரியும்.

பிறகு பேத்தியை அழைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரி சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவுமில்லை. எவ்வளவு மிச்சம் என்று மட்டும் கேட்டாள். விரலால் தம்ளர் உயரம் காட்டினேன். தலையசைத்தாள்.

உப்புப் போட்டதை அன்று அரிசி மாவும் பச்சைமிளகாயும் சேர்த்து அடையாகத் தட்டினேன். என் மகன் ஐந்து சாப்பிட்டான்.

மூன்றாம் நாள் தம்ளரைத் திறந்தால் சின்னச் சின்னக் குமிழி, நல்ல புளித்த வாசனை. கொண்டுபோனேன். பெரியம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு விரலை விட்டு எடுத்து, மோந்து, நக்கினார். ஏதோ சொன்னார்.

"ரொம்பத் தண்ணியா இருக்காம், பாட்டி," என்றாள் பேத்தி. "ஷி வாண்ட்ஸ் இட் திக்கர்."

"சுரண்டி எடுத்தது அப்படித்தான் இருக்கும்னு சொல்லு."

பேத்தி சொல்லி முடிப்பதற்குள் விரல் மறுபடி தம்ளருக்குள் போயிருந்தது. அடி தெரியும்வரை போய்க்கொண்டே இருந்தது.

இரண்டு வாரம் கழித்து எதிர்வீட்டுக்காரி இரண்டு கிழங்கோடு வந்தாள். அவற்றை மேடைமேல் வைத்துவிட்டு, அடுப்புப் பக்கத்திலிருந்த உப்பு ஜாடியைக் கையில் எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் அரைத்துக் கொடுத்தேன். ஜாடியைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கும் நினைவில்லை, வாங்க எனக்கும் நினைவில்லை. இரண்டு நாள் மருமகளின் பொடி உப்பை வைத்தே ஓட்டினோம்.

மூன்றாம் நாள் ரசம் கொதிக்கும்போது அதுவும் தீர்ந்தது. எதிர்க்கதவைத் தட்டினேன். பெரியம்மா மேசையில் உட்கார்ந்து கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை கெட்டியாக இருந்தது.